எழுத்தின் எல்லையும் கலத்தின் அளவும்

எழுத்தினின்றே மொழி தொடங்குகின்றது. இலக்கணமும் எழுத்தினின்றே தொடங்குகின்றது. தொல்காப்பியர் தம் நூலின் முதலதிகாரத்தை எழுத்துக்கென வகுத்தமையும், நன்னூலார் அந்நெறியே பற்றிச் சென்றமையும் தமிழ் பயில்வார் யாவரும் அறிந்தனவே. ஓர் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, மற்றோர் எழுத்தோடு சேருங்கால் யாது திரிபு எய்தும் என்னும் வினாக்களை நம் முன்னோர் சிறியன என்று தள்ளினாரல்லர். அவ்வினாக்கள் இன்று ஓலையிலும் தாளிலுமன்றிக் கணிப்பொறியின் நினைவகத்தில் மீண்டும் எழுந்துள்ளன. ஆங்கு அவற்றிற்கு விடை காண்போர் பெரும்பாலும் தமிழிலக்கணம் பயின்றாரல்லர். தமிழிலக்கணம் பயின்றாரோ அவ்வினாக்கள் எழுந்துள்ளன என்பதையே பெரும்பாலும் அறியார். இவ்விரு திறத்தார்க்கும் இடையேயுள்ள வெளியில் தமிழ்ப் பெயர்கள் சிதைகின்றன என்பதும், அச்சிதைவைத் தடுத்தல் அரிதன்று என்பதும் இக்கட்டுரையாற் கூறப் புகுந்த பொருளாகும்.

சி என்னும் நிரல்மொழி 1970-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி என்பவரால் இயற்றப்பட்டது. 1973-ல் யூனிக்ஸ் என்னும் இயக்கமுறைமை அம்மொழியில் மாற்றியெழுதப்பெற்றது. அதன்பின் அரை நூற்றாண்டு கடந்தும் அதன் ஆட்சி குன்றவில்லை. லினக்ஸின் உட்கரு பெரும்பாலும் சி மொழியில் அமைந்தது. மாணவர் இந்நாளில் விரும்பிக் கற்கும் பைத்தான் மொழியை இயக்கும் நிரலும் சி மொழியில் எழுதப்பட்டதே. மாளிகையின் மேல்மாடத்தில் இருப்பார் அடித்தளத்துக் கல்லை நோக்குவதில்லை. எனினும் கல் பிளந்தால் மாடமும் உடன் அசையும். ஆதலின் சி மொழியில் எழுத்துகள் எங்ஙனம் வைக்கப்படுகின்றன என்பது பொறியியல் மாணவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

அம்மொழியில் சொல்லையும் தொடரையும் குறிப்பதற்குத் தனிவகை யாதும் இல்லை. எழுத்துகளுக்குரிய எண்கள் நினைவகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அவ்வரிசைக்குச் சரம் என்று பெயர். ஒவ்வோர் எண்ணும் அமரும் சிற்றறை பைட்டு எனப்படும். நாம் வழங்கும் பொறிகளில் 0 முதல் 255 வரையுள்ள எண்ணே அதனுள் அடங்கும். சரத்தின் நீளம் இவ்வளவு என்று எவ்விடத்தும் எழுதிவைக்கப்படுவதில்லை. ஈற்றில் பூச்சியம் ஒன்று நிற்கும்; அதனைக் கண்ட இடத்தே சரம் முடிந்தது எனக் கொள்ளவேண்டும். சி மொழிக்கு முந்தைய பிசிபிஎல் என்னும் மொழி சரத்தின் நீளத்தை அதன் முதற்கண்ணே எழுதிவைத்தது. அதன் வழிவந்த பி மொழியும், பின்னர்த் தோன்றிய சி மொழியும் அம்முறையைக் கைவிட்டு ஈற்றுக்குறியை மேற்கொண்டன. நீளத்தைச் சிற்றறையில் எழுதினால் சரமும் அவ்வறை காட்டும் எண்ணுக்குள் அடங்கவேண்டும். அத்தடை நீங்கும்பொருட்டும், எண்ணிக்கையைப் பேணுதலினும் ஈற்றுக்குறி எளிதென அனுபவத்திற் கண்டமையாலும் அங்ஙனம் செய்ததாக ரிச்சி 1993-ல் தாம் எழுதிய வரலாற்றுக் கட்டுரையிற் கூறியுள்ளார். எளிமை கருதிச் செய்த அம்மாற்றத்தின் விலையைப் பிற்காலத்தார் செலுத்தி வருகின்றனர்.

அவ்விலை யாதெனின் கூறுவாம். ஒரு சரத்தை வைப்பதற்கு நிரலாளர் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்குவர். அதனை ஈண்டுக் கலம் என்போம். கலத்தின் அளவைச் சரம் அறியாது. சரத்தின் அளவைக் கலம் அறியாது. ஸ்டர்காப்பி என்னும் செயற்கூறு ஒரு சரத்தை மற்றொரு கலத்திற் பெயர்த்தெழுதும்பொழுது பூச்சியத்தைக் காணுமளவும் எழுதிக்கொண்டே செல்லும். கலம் நிரம்பியதா என்று நோக்காது. உழக்கிற் படி நெல்லைக் கொட்டினால் மிகுதி தரையிற் சிந்தும், கூட்டி எடுத்துக்கொள்ளலாம். நினைவகத்திலோ தரை என்பது இல்லை. கலத்தை அடுத்திருப்பது மற்றொரு செய்தியின் கலம். ஒருவன் வயலின் வரப்பு உடைந்தால் அடுத்தவன் பயிர் அழிதல்போல, வழிந்த எழுத்துகள் அச்செய்தியை அழித்து அதன்மேல் அமரும். அழிந்தது நிரல் அடுத்துச் செல்லவேண்டிய வழியைக் காட்டும் குறிப்பாயின், எழுத்தை அனுப்பியவனே நிரலைத் தான் விரும்பிய வழியிற் செலுத்தவும் கூடும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் அச்சமன்று. 1988-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் என்பவர் விடுத்த நிரலொன்று அந்நாளைய இணையத்திற் பரவிற்று. அது புகுந்த வழிகளுள் ஒன்று ஃபிங்கர் என்னும் சேவையை நடத்திய நிரல். அந்நிரல் 512 பைட்டுக் கலமொன்றை வைத்துக்கொண்டு, அளவு நோக்காத கெட்ஸ் என்னும் செயற்கூற்றால் பிறர் அனுப்பும் வரியைப் பெற்றது. மாரிஸின் நிரலோ 536 பைட்டுகளை அனுப்பிற்று. மிகுந்தவை இருபத்துநான்கே, அவை கொண்டு ஆயிரக்கணக்கான பொறிகள் நிலைகுலைந்தன. கெட்ஸ் என்பது 2011-ஆம் ஆண்டின் சி தரநிலையில்தான் முற்றும் நீக்கப்பட்டது. தீங்கு வெளிப்பட்டபின் அதன் வாயிலை அடைப்பதற்கு இருபத்துமூன்று ஆண்டுகள் சென்றன. அதன் உடன்பிறப்புகளாகிய ஸ்டர்காப்பியும் ஸ்டர்கேட்டும் இன்றும் தரநிலையில் நிற்கின்றன.

ஸ்டர்கேட் என்பது ஒரு சரத்தின் ஈற்றில் மற்றொரு சரத்தைச் சேர்ப்பது. தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. நிலைமொழியும் வருமொழியும் புணர்தலே ஈண்டும் நிகழ்வது. நிலைமொழியின் ஈறு யாதென்று அறியாமல் எவரும் புணர்ச்சி கூறத் துணியார். சி மொழியிலும் நிலைமொழியின் ஈறாகிய பூச்சியம் தன்னிடத்தில் இல்லையாயின் செயற்கூறு அதனைத் தேடி எங்கெங்கோ செல்லும். ஈறு அறிதலோடு, வருமொழிக்கு இடம் உண்டா என்று அறிதலும் ஈண்டு வேண்டப்படும். இலக்கணம் அறிந்தார்க்கு இயல்பாகிய இவ்வெச்சரிக்கை சி மொழியில் நிரலாளரின் நினைவாற்றலுக்கே விடப்பட்டுள்ளது.

இதுகாறும் கூறியது எம்மொழியார்க்கும் பொது. இனித் தமிழுக்குச் சிறப்பாக நேரும் இடர்ப்பாட்டைக் காண்போம். உரோமன் எழுத்தொவ்வொன்றும் ஒரே பைட்டில் அடங்கும். தமிழெழுத்துகளுக்கு யூனிகோடு என்னும் உலகப் பொதுத் தரநிலையில் தனித்தனி எண்கள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றை யூடிஎஃப்-8 என்னும் முறையில் எழுதுங்கால் நாம் நாடோறும் வழங்கும் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். உயிர்மெய்யெழுத்து ஒரே குறியாகவும் வைக்கப்படுவதன்று. மகரமெய் என்பது 'ம' என்னும் குறியும் புள்ளி என்னும் குறியுமாக இரண்டு. 'பை' என்பது 'ப' என்பதும் ஐகாரக் குறியுமாக இரண்டு. ஐகாரக் குறி கண்ணுக்கு முன்னே தோன்றினும் நினைவகத்தில் பகரத்தின் பின்னரே நிற்கும்.

தருமபுரி மாவட்டத்துப் பேரூராகிய கம்பைநல்லூரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். எழுத்தெண்ணிப் பார்ப்பார்க்கு அதில் க, ம், பை, ந, ல், லூ, ர் என எழுத்து ஏழு. யூனிகோடு நோக்கில் குறி பன்னிரண்டு. நினைவகத்தில் பைட்டு முப்பத்தாறு. ஈற்றுப் பூச்சியத்தோடு முப்பத்தேழு. இவ்வூர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினாலும் எழுத்துப் பன்னிரண்டே, அவை பன்னிரண்டு பைட்டில் அடங்கும், பூச்சியத்தோடு பதின்மூன்று. எனவே ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துச் சோதித்த நிரலாளர் பதின்மூன்று பைட்டுக் கலம் போதுமெனக் கொண்டால், அந்நிரல் அவர் கண்முன்னே பிழையின்றி இயங்கும். அவரைப் பாராட்டுவாரும் உளராவர். அதே கலத்தில் ஸ்டர்காப்பியால் தமிழ்ப் பெயரை எழுதிய அன்று இருபத்துநான்கு பைட்டுகள் வழிந்து அடுத்த கலத்தை அழிக்கும். மாரிஸின் நிரல் வழியச் செய்ததும் இதே அளவுதான் என்பதை நோக்குக. பகைவன் ஒருவன் வேண்டுவதில்லை. தன் ஊர்ப்பெயரைத் தன் மொழியில் எழுதும் ஒரு குடிமகனே போதும்.

இடர்ப்பாட்டை உணர்ந்தார் சிலர் ஸ்டர்-என்-காப்பி என்னும் செயற்கூற்றைப் புகலிடமாகக் கொள்கின்றனர். அதற்குக் கலத்தின் அளவையும் உடன் கூறவேண்டுமாதலின் அது பாதுகாப்புடையது என்று கருதுகின்றனர். உண்மையில் அது பழைய யூனிக்ஸில் பதினான்கு பைட்டுக்கு மேற்படாத கோப்புப் பெயர்களை நிலையான நீளமுடைய அறைகளில் எழுதுதற்பொருட்டுப் பிறந்தது. பெயர் கலத்தை நிரப்புமாயின் அது ஈற்றிற் பூச்சியம் இடாது. முப்பத்தாறு பைட்டுக் கலத்தில் அதனைக் கொண்டு 'கம்பைநல்லூர்' என்று எழுதினால் ரகரமெய் வரை யாவும் அமையும்; ஈறு மட்டும் இராது. பின்னர் அதனைப் படிக்கப் புகும் நிரல் கலத்தின் எல்லையைக் கடந்து, அங்குள்ள அயற்செய்திகளையும் ஊர்ப்பெயரின் பகுதியென்றே படிக்கும்.

இக்குறையை நீக்குதற்கு டாட் மில்லர், தியோ டி ராட் என்னும் இருவர் ஸ்டர்-எல்-காப்பி என்பதை இயற்றினர். 1998-ல் ஓப்பன்பிஎஸ்டி என்னும் இயக்கமுறைமையில் அது வெளிவந்தது. கலத்தின் அளவு பூச்சியமன்றாயின், அது கலத்தை மீறாது. ஈற்றிற் பூச்சியம் இடத் தவறாது. தான் பெற்ற சரத்தின் முழு நீளத்தையும் திருப்பிக் கூறும். கூறிய நீளம் கலத்தின் அளவுக்குக் குறைவாக இல்லையேல் சரம் வெட்டுண்டது என அறியலாம். ஆயினும் குனு சி நூலகத்தைப் பேணியோர் அதனை நெடுங்காலம் ஏற்றிலர். நிரலாளர் திருப்பிக் கூறிய எண்ணை நோக்காது விட்டால் செய்தி ஓசையின்றி வெட்டுண்டு போகும் என்பது மறுத்தோர் கூற்றுகளுள் ஒன்று. 2023-ல் அந்நூலகமும் அதனை ஏற்றது; 2024-ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரநிலையும் அதனைத் தழுவிற்று. நெடிய வழக்கு முடிந்தது. ஆனால் மறுத்தோர் எழுப்பிய அவ்வொரு வினா தமிழைப் பொறுத்தமட்டில் முடியவில்லை என்பதே எம் கருத்து.

வெட்டுதல் என்பது ஆங்கிலத்தில் ஓரெழுத்தை இழத்தல். தமிழிலோ எழுத்தையே மாற்றிவிடுதல். மேற்கூறிய ஊர்ப்பெயரைப் பல அளவுடைய கலங்களில் இடுவோம். ஏழு பைட்டுக் கலத்தில் பூச்சியம் நீங்க ஆறு பைட்டு அடங்கும். 'கம' என்று நிற்கும். புள்ளி நீங்கியமையால் மெய்யெழுத்து உயிர்மெய்யாயிற்று. பதின்மூன்று பைட்டுக் கலத்தில் 'கம்ப' என்று நிற்கும், ஐகாரம் அகரமாயிற்று. பதினாறில் 'கம்பை' என்று குறையேதும் தோன்றாத வேறொரு பெயராய் நிற்கும். இருபத்தெட்டில் 'கம்பைநல்ல' என்றாகும். இருபதிலோ 'கம்பைந' என்பதன்பின் அடுத்த குறியின் மூன்று பைட்டுகளுள் ஒன்று மட்டும் தனித்து நிற்கும். அஃது எவ்வெழுத்தும் ஆகாது. திரையில் வினாக்குறியாகவோ வெறுங்கட்டமாகவோ அது தோன்றும். சில நிரல்கள் சரம் முழுவதையுமே பிழையென்று தள்ளும். இவ்வாறே மணி என்பார் 'மண' ஆவார். வேலு என்பார் 'வேல' ஆவார். பாதுகாப்புடைய செயற்கூறு எனப்பட்டதே இத்தனையையும் செய்யும். எந்தக் கலமும் வழியாது, எந்த எச்சரிக்கையும் எழாது.

ஓலைச்சுவடிகளை எழுதினோர் பல இடங்களிற் புள்ளி இடாது விட்டனர் என்பதும், எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு அங்கே தெளிவுற விளங்காமையும், அவற்றால் உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர் பட்ட பாடும் நாம் கேட்டறிந்தவை. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நெடில்களுக்கு வேறு வடிவம் தந்ததும் இத்தகைய மயக்கம் ஒழிதற்பொருட்டே. சுவடி படிப்பவர் இடமும் பொருளும் நோக்கி விடுபட்ட புள்ளியைத் தாமே உய்த்துணர்ந்து கொள்வர். பொறிக்கு அவ்வாற்றல் இல்லை. ஒரு பதிவேட்டில் 'மணி' என்றும் மற்றொன்றில் 'மண' என்றும் இருந்தால் அஃது இருவர் என்றே கொள்ளும். உதவித்தொகையோ, சான்றிதழோ, நிலவுரிமையோ ஒரு பெயரைப் பற்றி நிற்கும் இந்நாளில் ஒரு புள்ளியின் இழப்பு புலவர்க்கு மட்டும் நேரும் இழப்பன்று. ஏழைக்கு நேரும் இழப்பு.

இனி, ஒரு பொறியில் எழுதிய நிரல் மற்றொரு பொறியிலும் மாறாது இயங்கவேண்டும் என்னும் நெறியை நோக்குவோம். சி மொழியில் எழுத்தை வைக்கும் சார் என்னும் வகை எதிர்மறை எண்ணையும் கொள்ளுமா கொள்ளாதா என்பதைத் தரநிலை வரையறுக்கவில்லை. செய்வோர் விருப்பத்திற்கு விட்டது. இன்டெல் வழிச் சில்லுகளில் அது வழக்கமாக எதிர்மறையும் கொள்ளும். ஆர்ம் சில்லுகளுக்குரிய லினக்ஸ் மரபில் கொள்ளாது. உரோமன் எழுத்துகள் 128-க்குக் கீழ்ப்பட்டமையால் அவற்றிற்கு இவ்வேறுபாட்டால் வரும் தீங்கு இல்லை. தமிழ்க் குறிகளின் பைட்டுகளோ யாவும் 128-ம் அதற்கு மேலும் ஆவன. முதற்பைட்டு 224, இரண்டாவது 174 அல்லது 175. அந்த 224 என்பது ஒரு பொறியில் 224 ஆகவே நிற்க, மற்றொன்றில் எதிர்மறை 32 ஆகத் தோன்றும். '127-க்கு மேற்பட்டதாயின் இது தமிழ்' என்று எழுதிய சோதனை ஒன்றில் மெய்யாகவும் மற்றொன்றில் என்றும் பொய்யாகவும் முடியும். எழுத்தின் வகையை ஆராயும் செயற்கூறுகளுக்கு எதிர்மறை எண்ணை அவ்வாறே தருவது தரநிலையால் வரையறுக்கப்படாத செயலுமாகும். ஆதலின் அவ்விடங்களில் குறியற்ற வகையாக மாற்றியே தரவேண்டும் என்பது முதல் விதி.

அகன்ற எழுத்து வகையை மேற்கொண்டால் இவையெல்லாம் நீங்கும் என்பாரும் உளர். அவ்வகை விண்டோஸில் பதினாறு பிட்டு; லினக்ஸில் முப்பத்திரண்டு பிட்டு. நாடோறும் வழங்கும் தமிழ்க் குறிகள் பதினாறு பிட்டுக்குள் அடங்குவன. ஆயின் 2019-ல் வெளிவந்த யூனிகோடு பன்னிரண்டாம் பதிப்பு, பழங்கணக்கில் வழங்கிய முந்திரி முதலிய பின்னங்களுக்கும் வேறு பல குறியீடுகளுக்கும் இடம் தந்தபோது அவற்றைப் பதினாறு பிட்டுக்கு அப்பாற்பட்ட பகுதியிலேயே வைத்தது. பழைய நிலக்கணக்கு ஒன்றைப் பதிப்பிக்கப் புகுவார் 'ஓரெழுத்துக்கு ஓரறை' என்று நம்பி எழுதிய நிரல் விண்டோஸில் அங்கே தவறும். கோப்புப் பெயரிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் பெயருக்கு எல்லை 255 பதினாறு பிட்டு அலகுகள். லினக்ஸின் எக்ஸ்ட்-4 முறையில் 255 பைட்டுகள். அஃதாவது முன்னதில் 255 தமிழ்க் குறிகள் நிற்க, பின்னதில் 85 குறிகளே நிற்கும். நூறு குறிகள் கொண்ட நூற்றலைப்பைக் கோப்புக்குப் பெயராக இட்டவர் அதனை ஒரு பொறியினின்று மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல இயலாது.

ஒப்புமையிலும் ஓர் இடர்ப்பாடு உளது. கம்பைநல்லூரை அடுத்த மொரப்பூரின் பெயரில் முதலெழுத்தாகிய 'மொ' என்பதை மகரமும் ஒகரக் குறியுமாக எழுதலாம். மகரமும் எகரக் கொம்பும் காலுமாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் ஒன்றென்றே கூறுகின்றது; கண்ணுக்கும் அவை ஒன்றே. எனினும் முன்னது 27 பைட்டு. பின்னது 30 பைட்டு. சி மொழியின் ஸ்டர்கம்ப் என்னும் செயற்கூறு அவ்விரண்டையும் வேறென்றே தீர்ப்புக் கூறும். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவிற்குக் கொணர்ந்து நிறுத்தினாலன்றி இவ்வூரார் இருபிரிவினராய்ப் பதிவேட்டில் நிற்பர்.

இவ்விடத்து இரண்டு தடைகள் எழக்கூடும். சி மொழியைக் கைவிட்டுப் புதுமொழிகளை மேற்கொண்டால் என் என்பது ஒன்று. கலம் வழிதலைப் புதுமொழிகள் பெரிதும் தடுக்கும் என்பது மெய்யே. எழுத்தெல்லையை அவையும் தாமே காவா. பைத்தான் மொழியிடம் 'கம்பைநல்லூர்' என்பதன் நீளம் யாது என்று வினவினால் பன்னிரண்டு என்று விடை கூறும்; ஏழு என்று கூறாது. அதனுள்ளும் முதல் நான்கு குறிகளை வேண்டினால் 'கம்ப' என்பதே வரும். மற்றொரு தடை, ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் ஒரே எண் தரும் டேஸ்-16 என்னும் குறியேற்றம் உள்ளதன்றோ என்பது. தமிழ்நாட்டரசு 2010-ல் யூனிகோட்டோடு அதனையும் ஏற்றது உண்மை. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் இருத்தல் எண்ணுதற்கு இனிதே. எனினும் உலகோர் தம்முட் செய்தி பரிமாறுவது யூனிகோட்டின் பொது எண்களாலேயே. டேஸ் எண்களோ அதன் தனிப்பயன் பகுதியில் உள்ளவை. கலத்தின் அளவை நோக்காதவன் கையில் எக்குறியேற்றமும் வழியவே செய்யும்.

ஆயின் செய்யத்தக்கன யாவை? முதலாவது, சரம் செல்லும் இடமெல்லாம் கலத்தின் அளவும் உடன் செல்லவேண்டும். 1999-ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே உள்ள எஸ்-என்-பிரிண்ட்-எஃப் என்னும் செயற்கூறு கலத்தின் அளவைக் கேட்கும், எழுதவேண்டியிருந்த நீளத்தையும் கூறும், எங்கும் கிடைக்கும். 2011-ஆம் ஆண்டுத் தரநிலையின் இணைப்பிற் கூறப்பட்ட வேறு சில செயற்கூறுகள் விருப்பத்திற்கு விடப்பட்டமையின் பல நூலகங்களில் இல்லை. ஆதலின் அவற்றை நம்பி எழுதிய நிரல் பொறிதோறும் இயங்காது. இரண்டாவது, திருப்பிக் கூறிய நீளத்தை நோக்காமல் மேற்செல்லலாகாது. மூன்றாவது, ஒருவர் பெயர் கலத்தில் அடங்காதாயின் அதனை வெட்டுதலினும் 'அடங்கவில்லை' என்று கூறி மறுத்தல் நன்று. மறுப்பை மனிதர் காண்பர், திருத்த வழியுண்டு. ஓசையின்றி வெட்டியதை எவரும் காணார்.

நான்காவது, செய்தித்தலைப்புப் போல்வனவற்றை வெட்டியே தீரவேண்டுமெனின் எழுத்தெல்லையில் வெட்டவேண்டும். இது பெரிய வித்தையன்று. விடப்படும் பகுதியின் முதற்பைட்டு 128 முதல் 191 வரையுள்ள எண்ணாயின் அது குறியின் இடைப்பட்ட பைட்டு. அங்ஙனம் அல்லாத ஒன்று வருமளவும் வெட்டுமிடத்தைப் பின்னோக்கிக் கொணர்க. பின்னர், விடப்படும் பகுதியின் முதற்குறி புள்ளியோ உயிர்க்குறியோ ஆயின் அதற்கு முன்னுள்ள மெய்யடியையும் உடன் விடுக. அவ்வாறு செய்தால் பதின்மூன்று பைட்டுக் கலத்தில் 'கம்ப' என்னும் பொய் நில்லாது. 'கம்' என்னும் குறை நிற்கும். குறை குறையென்று தோன்றுதல் பொய் மெய்போல் தோன்றுதலினும் மேலானது.

ஐந்தாவதும் தலையாயதும் ஒன்றுண்டு: தமிழ்நாட்டில் எழுதப்படும் எந்நிரலும் தமிழ்ப் பெயர்களால் சோதிக்கப்படுதல் வேண்டும். 2018 பிப்ரவரியில் தெலுங்கின் கூட்டெழுத்து ஒன்று திரையில் தோன்றிய அளவிலே ஐஃபோன்களிற் பல செயலிகள் நிலைகுலைந்தன. அத்திங்களிலேயே ஆப்பிள் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. உலகின் பெருநிறுவனம் ஒன்றன் சோதனையையே நம் அண்டைமொழியின் ஓரெழுத்துக் கடந்து சென்றது. நம் எழுத்தின் இயல்பை அறிந்த நாம் சோதியாது பிறரைச் சோதிக்கச் சொல்லுதல் முறையன்று.

ஆகவே கல்லூரிகளுக்கு யாம் கூறுவது ஒன்று. தமிழ்த்துறையும் கணிப்பொறியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் அயலார்போல் வாழ்கின்றன. எழுத்ததிகாரம் பயின்றவர் எங்கு வெட்டலாம், எங்கு வெட்டலாகாது என்பதை அறிவர்; சி மொழி பயின்றவர் எங்ஙனம் வெட்டுவது என்பதை அறிவர். புள்ளி, கொம்பு, கால் முதலிய குறிகளும், பின்னக் குறிகளும், இருவகையாக எழுதத்தக்க ஒகரமும் அமைந்த ஊர்ப்பெயர்கள் ஒரு நூற்றைத் தமிழ் மாணவர் தொகுத்துத் தரலாம்; தாம் எழுதும் நிரல் ஒவ்வொன்றையும் அப்பெயர்களாற் சோதித்தல் கணிப்பொறியியல் மாணவர் கடனாகலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. ஒரு பருவத்தின் மாலைப்பொழுதுகள் சில போதும். பெயர்களைத் தொகுத்துத் தரும் பணியைத் தமிழ் மாணவர் முதற்கண் மேற்கொள்வோமாக. ஊர்ப்பெயருக்கும் ஊரார் பெயருக்கும் உரிய புள்ளி அதனதன் இடத்தில் நிற்கச் செய்வோமாக.